மறைவும் ஒரு செலவே

காஞ்சன்பாக் என்னும் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பொன் தோட்டம் என்று பொருள்படும். ஐதராபாத் மாநகரின் தென்கிழக்கே அமைந்த இப்பொன் தோட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவருள், திங்களின் இருபதாம் நாளுக்குப் பின்னும் கையிருப்பு உடையவர் எத்தனை பேர்? 1970-இல் பாரத் டைனமிக்ஸ், 1973-இல் மிதானி எனப் பெருநிறுவனங்கள் எழுந்த பகுதி இது. 1982-இல் இராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் ஏவுகணை ஆய்வகத்திற்கு இயக்குநராக வந்து பணிபுரிந்த இடம் இது. விண்ணில் பாயும் பொறிக்குத் துளித் துளியாகக் கணக்கிடும் இவ்வூரில், வீட்டு வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் இல்லங்கள் மிகச் சிலவே என்று எமக்குத் தோன்றுகிறது.

குடும்ப வரவு செலவைப் பற்றி எழுதுமாறு அன்பர் சிலர் பலமுறை கேட்டும் யாம் தள்ளிப்போட்டு வந்தோம். காரணம் சோம்பல் அன்று, வெட்கம். பிறருக்குக் கூறும் தகுதி எமக்கு இல்லாதிருந்தது. இப்போதும் தகுதி வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பட்ட அறிவை மட்டும் உள்ளவாறே எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தங்கையின் திருமணத்தின்போது கடைசி நேரத்தில் ஓர் இலட்சம் ரூபாய் குறைந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்குத் திங்கள்தோறும் மூன்று ரூபாய். முதலை மொத்தமாகத் திருப்பும் வரை வட்டியை மட்டும் கட்டிவர வேண்டும் என்பது பேச்சு. இதை எம் இல்லத்தரசியாரிடம் சொல்லவில்லை. எம் வீட்டுத் திருமணத்திற்குக் கடன் பட்டதை அவர் தம் பிறந்தகத்தில் சொல்லிவிடுவாரோ என்னும் அச்சமும், இரண்டொரு திங்களில் அடைத்துவிடலாம் என்னும் நம்பிக்கையும் எம் வாயைக் கட்டிவிட்டன. கைக்கு வரும் ஊதியம் 40,000 ரூபாய். அவரிடம் 37,000 என்று சொன்னோம். அலுவலகப் பிடித்தம் கூடிவிட்டது என்று ஒரு பொய்யும் சேர்த்தோம்.

இரண்டு திங்கள் இருபத்தாறு திங்களாயிற்று.

எம் மகளின் பள்ளியில் நாகார்ஜுனசாகருக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தனர். கட்டணம் 650 ரூபாய். பேருந்தில் சென்றால் தலை சுற்றும் என்று சொல்லி அவள் வர மறுத்துவிட்டாள். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு இதென்ன புதுநோய் என்று ஐயுற்ற ஆசிரியை, பள்ளி வாயிலில் எம் இல்லத்தரசியாரைக் கண்டபோது கேட்டிருக்கிறார். வீட்டிற்கு வந்து மெல்ல விசாரித்தபோது பிள்ளை அழுதுகொண்டே சொன்னது இது: "அப்பா ஒவ்வோர் ஐந்தாம் தேதியும் யாருக்கோ மூவாயிரம் ரூபாய் அனுப்புகிறார், அம்மா. போனில் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் அப்பா யாரோடும் பேசமாட்டார். அதனால் நான் எதுவும் கேட்பதில்லை."

அப்போது அவளுக்குப் பத்து வயது நிறைந்து பதினொன்றாவது நடந்துகொண்டிருந்தது. எம் கைபேசியில் விளையாடும்போது அந்தச் செய்தியைக் கண்டிருக்கிறாள். தாயிடமும் சொல்லாமல் அதைத் தன் நெஞ்சிலேயே சுமந்திருக்கிறாள். புதுப் பேனா, பிறந்தநாள் இனிப்பு, இப்போது சுற்றுலா என்று ஒவ்வொன்றாகத் தானே வேண்டாமென்று விலக்கி வந்திருக்கிறாள். பிள்ளை பொறுப்பாக வளர்கிறாள் என்று யாம் உள்ளூர மகிழ்ந்திருந்தோம்! அது பொறுப்பன்று, அச்சம் என்பதை அன்றிரவுதான் அறிந்தோம்.

இல்லத்தரசியார் சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து சமையலறைக்குச் சென்றார். அரிசி டிரம்மின் அடியிலிருந்து ஒரு பழைய பால்மாவு டப்பாவை எடுத்துவந்து எம் முன் வைத்தார். உள்ளே 31,000 ரூபாய் இருந்தது. அரிசிக்கும் மளிகைக்கும் என்று யாம் கொடுத்த 7,400 ரூபாயில் 6,200-க்குள் வாங்கி, திங்களுக்கு ஏறத்தாழ 1,200 ரூபாயாக மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணம் அது.

"இது எதற்காக?" என்று கேட்டோம்.

"பிடித்தம் கூடிக்கொண்டே போகிறது என்றீர்களே. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் கையில் வேண்டாமா என்றுதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "வளையலை வங்கியில் வைத்திருக்கலாமே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேனே" என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

அன்றிரவு மூவரும் தரையில் அமர்ந்து போட்ட கணக்கை அன்பர்கள் பொறுமையுடன் பார்க்க வேண்டுகிறோம். இருபத்தாறு திங்களுக்கு மூவாயிரம் வீதம் யாம் கட்டிய வட்டி 78,000 ரூபாய். முதலில் ஒரு காசும் குறையவில்லை. அதே ஓர் இலட்சத்தை வங்கியில் நகைக்கடனாக, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தால் 26,000 ரூபாய்தான் வட்டியாகியிருக்கும். எஞ்சிய 52,000 ரூபாய் யாம் ஒரு சொல்லை மறைத்ததற்குக் கொடுத்த விலை. ஒரே கூரையின் கீழ் ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் கட்ட, மற்றவர் வட்டியே இல்லாமல் டப்பாவில் பணம் சேர்த்தார். இருவரும் குடும்பத்தின் நலத்தைத்தான் நாடினோம். ஆயினும் இழப்பு குடும்பத்திற்கே.

இன்னும் ஓர் இழப்பும் உண்டு. 2015-இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பெண்பிள்ளைக்குப் பத்து வயது நிறைவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். கடன் தீரட்டும் என்று யாம் காத்திருந்த காலத்தில் எம் மகள் அவ்வயதைக் கடந்துவிட்டாள். 250 ரூபாய் எம்மிடம் இல்லாமலில்லை. பணத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் துணிவுதான் இல்லை. பணத்தைப் பற்றி ஒன்றை மறைத்தவன், மறைத்தது வெளிவருமோ என்று பணத்தைப் பற்றிய எல்லாப் பேச்சையுமே தவிர்க்கிறான். மறைவின் பெருங்கேடு இதுவே.

முற்காலத்தில் இவ்வாறு மறைப்பது இத்துணை எளிதன்று. புகைவண்டித் துறையில் காசாளர் நேரில் வந்து ஊதியத்தைக் கையில் எண்ணிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பணம் வீட்டிற்கு வந்து சாமி படத்தின் முன் வைக்கப்படும். அன்னையர் எண்ணுவர், பிள்ளைகள் பார்த்திருப்பர். ஊருக்குப் பணம் அனுப்ப அஞ்சலகத்தில் மணியார்டர் எழுதவேண்டும். ஒப்புதல் சீட்டு வீடு தேடி வரும். 1880-இல் இந்நாட்டில் தொடங்கிய அந்தப் பழைய மணியார்டர் முறை 2015-இல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே, 2016-இல், யு.பி.ஐ. வந்தது. இன்று ஊதியம் ஓசையின்றி வங்கிக்கு வருகிறது. ஓசையின்றி விரல்நுனியில் வெளியேறுகிறது. இதனால் விளைந்த வசதிகளை யாம் குறைகூற வரவில்லை. ஊரிலுள்ள எம் அன்னையாருக்கு மருந்துச் செலவுக்கு நொடியில் பணம் அனுப்ப முடிகிறதே! ஆயினும், கண்ணுக்குப் புலப்பட்ட பணம் இன்று புலப்படுவதில்லை. முன்பு பணமே தன்னைக் காட்டிக்கொண்டது. இன்று நாம் முயன்று காட்டவேண்டியிருக்கிறது.

சப்பான் நாட்டில் 1904-ஆம் ஆண்டிலேயே ஹானி மோட்டோகோ என்னும் பெண்மணி இல்லத்தரசியர்க்கென ஒரு கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். அந்நாட்டின் முதல் பெண் செய்தியாளர் என்று போற்றப்படுபவர் அவர். ஒரு நூற்றாண்டு கடந்தும் அவ்வேட்டைப் பின்பற்றுவோர் அங்கு உள்ளனர். வருவாய் அறிந்து செலவிடும் நெறியை நம் வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். அது இல்லறவியலில் இல்லை. அரசர்க்குரிய பகுதியில் இருக்கிறது. படைவலியும் துணைவலியும் அறிவது போலத் தன் பொருள்வலியையும் அறிவதே ஆட்சி என்பது அவர் கருத்துப் போலும். நாட்டை ஆள்வோனுக்கு அமைச்சர் கூடிய அவை உண்டு. இல்லத்தை ஆள்வோருக்கும் அவை வேண்டாமா? அந்த அவை குடும்பத்தாரே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது மேலும் இன்றியமையாதது. ஏன் என்பதை எம் வீட்டுக் கணக்கைக் கொண்டே காட்டுவோம். திங்கள் ஒன்றுக்கு வீட்டு வாடகை 9,500, மின்சாரமும் தண்ணீரும் 1,100, எரிவாயுவும் தொலைபேசியும் 1,700, பால் 1,800, அரிசியும் மளிகையும் 6,200, காய்கறி 2,600, பள்ளிக் கட்டணமும் ஆட்டோவும் 4,700, ஊரிலுள்ள பெற்றோர்க்கு 5,000, போக்குவரத்து 900, மருந்து 700, சில்லறைச் செலவு 1,200. ஆக மொத்தம் 35,400 ரூபாய்.

எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் செருமானிய அறிஞர் 1857-இல் ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். குடும்பம் எவ்வளவு வறியதோ, அவ்வளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு பெரிதாயிருக்கும் என்பது அது. நம் நாட்டில் 2023-24-இல் நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் உணவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 40, சிற்றூர்களில் 47. எம் இல்லத்திலோ பால், மளிகை, காய்கறி மூன்றும் சேர்ந்து 10,600. நூற்றுக்கு 30 பங்கே. எங்கலின் அளவுகோலால் அளந்தால் யாம் வசதியுள்ளவர். பின் எதனால் முட்டுகிறது? வாடகையும் பெற்றோர்க்கு அனுப்புவதும் சேர்ந்து 14,500; நூற்றுக்கு 41 பங்கு. புலம்பெயர்ந்தவன் ஒரு சம்பளத்தில் இரண்டு வீடு நடத்துகிறான். இங்கே குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, அங்கே பிறந்த வீட்டுக்குக் கடமை. காய்கறியில் எவ்வளவுதான் இறுக்கிப் பிடித்தாலும் இவ்விரண்டும் குறையா. இதைத் தாளில் எழுதிப் பார்க்கும் வரை, "நீ செட்டாக நடத்தவில்லை" என்று கணவன் மனைவியையும், "நீங்கள் உங்கள் வீட்டாருக்கே கொட்டுகிறீர்கள்" என்று மனைவி கணவனையும் குறைசொல்லிக்கொண்டே இருப்பர். எழுதிப் பார்த்தபின் குற்றம் எவர் மீதும் இல்லை என்பது தெரிகிறது. அதுவே பாதி அமைதி.

இனி, எம் இல்லத்தில் கைக்கொண்ட முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

திங்களின் முதல் ஞாயிறு காலை, சிற்றுண்டிக்குப் பின் மூவரும் அமர்கின்றோம். முதலில் வரவு முழுவதையும் வாய்விட்டுச் சொல்கிறோம். ஊதியச் சீட்டை எம் மகளே படிக்கிறாள். அடுத்து, நம்முடையதல்லாத பணத்தைப் பிரிக்கின்றோம். வாடகை, பள்ளிக் கட்டணம், பெற்றோர்க்கு அனுப்புவது, கடன் தவணை ஆகியவை நம் கையில் இருப்பினும் பிறருக்கு உரியவை. இவற்றை முதல் வாரத்திலேயே செலுத்திவிடுகிறோம்.

மூன்றாவது, ஆண்டுச் செலவு. தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அது திடீரென்று வந்ததுபோல் கைமாற்றுக்கு அலைகிறோம். புத்தகமும் சீருடையும் 8,000, தீபாவளி 9,000, பொங்கலும் ஊர்ப்பயணமும் 8,000, மொய் 6,000, காப்பீடு 5,000, ஆக 36,000 ரூபாய். புகைவண்டித் துறையில் தசராவுக்கு முன் எமக்கு 78 நாள் ஊதியம் என்ற பெயரில் போனஸ் வருகிறது. கணக்கிடும் ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டாதலால், 2025-இலும் அது 17,951 ரூபாயைத் தாண்டவில்லை. அதை அப்படியே இதில் சேர்த்துவிட்டால் ஏறத்தாழ 18,000 ரூபாய் குறைகிறது. பன்னிரண்டால் வகுத்தால் திங்களுக்கு 1,500. இதைத் தனியே எடுத்து வைக்கின்றோம். போனஸ் இல்லாத அன்பர்கள் முழுத் தொகையையும் பன்னிரண்டால் வகுத்துக்கொள்க.

நான்காவது, கேள்வி கேட்கப்படாத பணம். சில்லறை என்றிருந்த 1,200 ரூபாயைப் பங்கிட்டு, எமக்கு 500, இல்லத்தரசியார்க்கு 500, மகளுக்கு 200 என்று வைத்தோம். இதற்குக் கணக்குக் கேட்பதில்லை. எம் பங்கு எங்கே போகிறது என்று யாமே குறித்துப் பார்த்தபோது, தேநீர்க் கடையிலேயே பெரும்பாலும் கரைவது தெரிந்தது. பிறர் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். தாமே கண்டதால் வெட்கத்தோடு போயிற்று.

ஐந்தாவது, கணக்குப் படிக்கும் நேரம் வழக்காடும் நேரமன்று. சென்ற திங்கள் மிகைப்பட்ட செலவைப் பற்றி, "அடுத்த முறை என்ன செய்யலாம்?" என்று மட்டுமே கேட்க வேண்டும் என்பது எம் வீட்டுச் சட்டம். அதை மீறியவர் அன்று பாத்திரம் துலக்க வேண்டும். இதுவரை மிகுதியாகத் துலக்கியவர் யாமே.

பிள்ளைகளைப் பணக்கவலையில் ஈடுபடுத்தலாமா என்று பெரியவர் சிலர் கேட்கின்றனர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தவர்தாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. நாம் சொல்லாவிட்டால் அவர்கள் அறிவது தொகையை அன்று, நம் முகத்தை. தொகைக்கு எல்லையுண்டு, முகத்தைப் பார்த்துப் பிள்ளை கற்பித்துக்கொள்ளும் அச்சத்திற்கு எல்லையில்லை. எம் மகள், வீட்டை விற்றுவிடுவார்களோ என்றெல்லாம் எண்ணியிருந்தாளாம். எமக்கு விற்பதற்கு வீடே இல்லை என்று அறிந்தபின் சிரித்தாள்!

பெண்டிரின் சிறுவாட்டைப் பற்றியும் ஒரு சொல். இதைப் படித்துவிட்டு, "உன் டப்பாவை எடு" என்று எந்த அன்பரும் மனைவியாரிடம் கேட்கலாகாது. ஊதியத்தைக் குடித்தோ சூதாடியோ அழிக்கும் கணவன் உள்ள வீட்டில் சிறுவாடே பிள்ளைகளின் சோறு. அங்கே மறைப்பது குற்றமன்று, காவல். முதலில் திறக்க வேண்டியது சம்பாதிப்பவனின் கை. அது திறந்தால் மற்றவை தாமே திறக்கும். எம் இல்லத்தரசியார் டப்பாவைத் திறந்தது யாம் கேட்டன்று. எம் பொய் உடைந்த பின்னர்.

முடிவைச் சொல்லிவிடுகிறோம். டப்பாவிலிருந்த 31,000 ரூபாயோடு, வளையலை வங்கியில் வைத்துப் பெற்ற 69,000 ரூபாயையும் சேர்த்து மூன்று வட்டிக் கடனை மறுவாரமே அடைத்தோம். வட்டிக்கென்று கட்டிவந்த அதே 3,000 ரூபாயை இப்போது வங்கிக்குக் கட்டுகிறோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், இருபத்தேழு திங்களில் முதலும் வட்டியும் தீர்ந்து வளையல் கைக்கு வரும். அதே தொகை, ஏறத்தாழ அதே காலம். முன்னர் இருபத்தாறு திங்கள் கட்டியும் கடன் அசையவில்லை. இப்போது திங்கள்தோறும் குறைவதை எம் மகள் சுவரில் ஒட்டிய தாளில் கோடிட்டு வருகிறாள்.

40,000-இல் வீட்டுச் செலவு 35,400, ஆண்டுச் செலவுக்கு 1,500, வங்கிக்கு 3,000 போக மீதி நூறு ரூபாய். நகைத்தற்குரிய தொகைதான். ஆயினும் அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கத் திங்களுக்கு நூறு ரூபாய் போதும். பத்து வயது கடந்த பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கலாம். ஒரு சனிக்கிழமை அஞ்சலகத்திற்கு அழைத்துச் சென்று அவள் கையாலேயே கையொப்பமிடச் செய்தோம். திரும்பும் வழியில், "அப்பா, அடுத்த வருடமும் நாகார்ஜுனசாகர் கூட்டிப்போவார்களாம். அதையும் பன்னிரண்டால் வகுத்துவிடலாமா?" என்று கேட்டாள்.

இரண்டாண்டுக்குப் பின் அவள் எம்மிடம் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது. வகுத்துப் பார்த்தோம்: திங்களுக்கு 54 ரூபாய் 17 காசு. எம் தேநீர்ப் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

அன்பர்களே, வருகிற ஞாயிறு உங்கள் இல்லத்திலும் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அமருங்கள். வரவை உள்ளபடி சொல்லுங்கள். கடன் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கூடி அமரும் குடும்பம் குறைவின்றி வாழ்க!